ஆளில்லா வள்ளமும் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளும்: குமரி–கேரள எல்லைக் கடலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். இரு பக்கமும் ஒரே மணல்தான். கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. வள்ளமும் அப்படித்தான் கைமாறுகிறது. கேரளத்துப் பூவாற்றில் ஓடிய வள்ளம் அடுத்த ஆண்டு குமரிப் பக்க மார்த்தாண்டன்துறையில் ஓடும். இந்த நிகழ்வின் முடிச்சு அந்தக் கைமாற்றத்தில்தான் இருந்தது. ஆனால் அது தெரியவருவதற்குள் ஓர் இரவு கழிந்துவிட்டது.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர், போர்பந்தரைச் சேர்ந்த ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தார்கள். பிறகு ரப்பர் படகுக்கு மாறி ஒரு மீனவர் குடியிருப்பின் ஓரத்தில் கரையேறினார்கள். அதன்பின் 2009 பிப்ரவரியில் பொறுப்புகள் திருத்தி எழுதப்பட்டன. கடல்சார் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்குச் சென்றது. 12 கடல் மைல் வரையிலான ஆட்சிக்கடலில் கரையோரப் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் வேலை கடலோரக் காவல்படைக்கு வந்தது. கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதியில் மாநில மெரைன் போலீசார் ரோந்து போகிறார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் 5 கடல் மைலுக்குள் நின்றுவிடும். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய நான்கு இடங்களில் கடற்படையின் கூட்டு நடவடிக்கை மையங்கள் இயங்குகின்றன. துறைமுகங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டு விதித்தொகுப்பின்படி ஒவ்வொரு துறைமுக வசதிக்கும் ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். அங்கே பாதுகாப்பு நிலை மூன்று படிகளில் ஏற்றி இறக்கப்படும்.

இந்த ஏற்பாடு முழுவதும் கரையிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் என்ற அளவில் அடுக்கப்பட்டது. பக்கவாட்டில் ஒரு தையல் இருப்பதை வரைபடத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். நீரோடிக்கு இப்புறம் தமிழ்நாட்டின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அப்புறம் கேரளத்தின் கோஸ்டல் போலீஸ். கடலோரக் காவல்படையில் தமிழ்நாடு கிழக்கு மண்டலத்தைச் சேர்ந்தது, கேரளம் மேற்கு மண்டலத்தைச் சேர்ந்தது. கடற்படையிலும் தமிழ்நாடு விசாகப்பட்டினத்தைப் பார்க்கிறது, கேரளம் கொச்சியைப் பார்க்கிறது. ஊர் எல்லையாக நிற்கும் அதே கோடு, கடலில் மூன்று அமைப்புகளுக்கும் தையலாகிறது.

சூழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் இலங்கைப் படகு ஒன்றில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும் 1,000 தோட்டாக்களும் பிடிபட்டு, அந்தப் படகு கேரளத்தின் விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2022 மே மாதம் லட்சத்தீவுப் பக்கம் இரண்டு தமிழ்நாட்டுப் படகுகளில் 218 கிலோ ஹெராயின் சிக்கியது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் யாரும் கேட்பாரற்ற படகைச் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. அதை யாரிடம் சொல்வது என்பதிலும் எளிதில் வாய் திறப்பதில்லை. சொன்னவரே நிலையத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டிவரும் என்ற பயம் இருக்கிறது. அது வெறும் கற்பனைப் பயமும் அல்ல.

முதல் நாள் மாலை: பார்த்தது

ஜனவரி மாதம், மாலை 5.50. தூண்டில் தொழிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பைபர் வள்ளத்தில் இருவர் இருந்தனர். கரையிலிருந்து ஏறத்தாழ ஆறரை கடல் மைலில் ஆளில்லாத இன்னொரு பைபர் வள்ளத்தைக் கண்டார்கள். நீளம் ஒன்பது மீட்டர் இருக்கும். பின்பலகையில் எஞ்சின் இல்லை. விளக்கும் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் புதுப் பெயின்ட் பூசப்பட்டிருந்தது. உள்ளே தார்ப்பாயால் மூடிய ஏதோ ஒன்று கிடந்தது.

அவர்கள் நான்கு காரியம் செய்தார்கள். கையடக்க ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்ட் போட்டார்கள். இருபது மீட்டர் தள்ளி ஒருமுறை சுற்றிவந்தார்கள். செல்போனில் இரண்டு படம் எடுத்தார்கள். வள்ளத்தைத் தொடாமல் 6.05-க்குக் கிளம்பிவிட்டார்கள். தொடாமல் விட்டது சரியான முடிவு. கட்டி இழுத்து வந்திருந்தால், அதனுள் என்ன இருந்தாலும் முதல் கேள்வி அவர்களை நோக்கியே வந்திருக்கும். கயிறு, பெயின்ட், கைரேகை போன்ற தடயங்களும் குழம்பியிருக்கும். பாயிண்ட்டை ஒருமுறை மட்டும் எடுத்ததுதான் விடுபட்ட காரியம். இருபது, முப்பது நிமிடம் வள்ளத்தின் அருகிலேயே நின்று இரண்டாவது பாயிண்ட் எடுத்திருந்தால், நீவாடு, அதாவது நீரோட்டம், அதை எந்தப் பக்கம் என்ன வேகத்தில் கொண்டுபோகிறது என்பது தெரிந்திருக்கும். இருட்டப்போகும் நேரத்தில், எண்ணெய்க் கணக்குப் பார்த்து ஓடுபவர்களிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதன் விலை நள்ளிரவில் தெரிந்தது.

6.40-க்கு டவர் கிடைத்தது. மூத்தவர் கரையில் இருந்த தம்பி முறைக்காரரை அழைத்தார்: “மக்கா, வெலங்க ஒரு வள்ளம் ஆளில்லாம ஒழுகிட்டுக் கெடக்கு. நம்பரும் இல்ல, லைட்டும் இல்ல. கமிட்டில சொல்லு.” வெலங்க என்றால் ஆழ்கடல் பக்கம். ஒழுகுவது என்றால் நீரோட்டத்தில் மிதந்து போவது. அவர் ஜி.பி.எஸ். திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார்: எட்டு, பன்னிரண்டு, ஐம்பது, எழுபத்தேழு, ஒன்று, நாற்பது. கரையில் இருந்தவர் ஒரு சீட்டில் 8.12.50, 77.01.40 என்று புள்ளி வைத்து எழுதிக்கொண்டார்.

இரவு: ஒரே வள்ளம், இரண்டு இடங்கள்

ஊர் ஆலயத்தின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் செயலர் 6.52-க்கு 1093-ஐ அழைத்தார். கடலோரப் பாதுகாப்புக்கான உதவி எண் அது. நாடு முழுவதும் எண் ஒன்றே. ஆனால் அழைப்பு எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்பதை, போன் அப்போது பிடித்திருக்கும் டவரே முடிவு செய்கிறது. எல்லை ஊர்களில் கேரள டவர் வலுவாக வருவது அன்றாடச் சங்கதி. அழைப்பு கேரளப் பக்கம் போயிற்று. மொழியில் சிக்கல் எழவில்லை. இங்கே தமிழும் மலையாளமும் ஒன்றுக்கொன்று புரியும். சிக்கல் எண்களில் வந்தது.

மீனவர்களின் கருவிகள் பெரும்பாலும் டிகிரி, மினிட், மினிட்டின் தசமம் என்ற முறையில் காட்டுகின்றன. இந்த வள்ளத்தின் இடம் 8 டிகிரி 12.50 மினிட் வடக்கு, 77 டிகிரி 01.40 மினிட் கிழக்கு. சீட்டில் எழுதியதைக் கட்டுப்பாட்டு அறையில் 8.1250, 77.0140 என்று தசம டிகிரியாகக் கணினியில் தட்டினார்கள். 8.1250 டிகிரி என்பது 8 டிகிரி 7.5 மினிட். அட்சரேகையில் ஒரு மினிட் ஒரு கடல் மைல். ஆகவே வள்ளம் வரைபடத்தில் 5 கடல் மைல் தெற்கே, அதாவது 9 கிலோமீட்டருக்கும் மேல், நகர்ந்துவிட்டது.

அந்த நகர்வு இரண்டு வேலைகளைச் செய்தது. உண்மை இடம் எல்லைக்கோட்டைக் கடலுக்குள் நீட்டினால் கேரளப் பக்கம் ஒரு கடல் மைல் தள்ளி இருந்தது. தவறான புள்ளியோ தமிழ்நாட்டுப் பக்கம் விழுந்தது. உண்மை இடம் கரையிலிருந்து ஆறரை கடல் மைல். தவறான புள்ளி பத்தரை கடல் மைலுக்கு மேல். “உங்கள் நிலையத்தில் சொல்லுங்கள், இது தமிழ்நாட்டுக்கு நேரே வருகிறது” என்று 7.15-க்குப் பதில் வந்தது. கையில் இருந்த புள்ளியை வைத்துப் பார்த்தால் அந்தப் பதிலில் தவறில்லை.

7.30-க்குத் தமிழ்நாட்டுப் பக்க நிலையம் ஒன்றுக்கு நேரடியாகப் பேசினார்கள். இம்முறை யாரோ புத்தியாக ஜி.பி.எஸ். திரையையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பணியில் இருந்தவருக்குக் கடல் வரைபடம் பழக்கம். சரியாகக் குறித்தார். புள்ளி கேரளப் பக்கம் விழுந்தது. 8.05-க்கு அவர் எல்லைக்கு அப்புறம் பேசி “உங்கள் பக்கம்” என்றார். “எங்கள் கணக்கில் உங்கள் பக்கம்” என்று பதில் வந்தது. இரண்டு பேரும் உண்மையையே சொன்னார்கள். எண்களை வாய்விட்டு வாசித்து ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எல்லை பற்றிப் பேசினார்களே தவிர, இடம் பற்றிப் பேசவில்லை.

கடலோரக் காவல்படைக்குச் செய்தி போனது இரவு 10.10-க்கு. பார்த்த நேரத்திலிருந்து நான்கு மணி இருபது நிமிடம் கழிந்திருந்தது. அங்கே பணியில் இருந்தவர் செய்த முதல் வேலை, இரு தரப்பிடமும் புள்ளியைக் கேட்டு வாங்கியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் திரையின் படத்தைக் கேட்டார். பத்து நிமிடத்தில் இடம் தெளிவாயிற்று. கடலில் எல்லோரும் கேட்கும் பொது வானொலி அலைவரிசையான வி.எச்.எப். 16-ஆம் சேனலில் எச்சரிக்கை போனது. கொச்சிக்குத் தகவல் சென்றது. 11.15-க்கு விழிஞ்ஞத்திலிருந்து ஒரு இடைமறிப்புப் படகு கிளம்பியது.

ரேடார் ஏன் காட்டவில்லை

கரையோரம் நெடுக நிலையான ரேடார் சங்கிலி இருக்கிறது. முதல் கட்டத்தில் 46 இடங்களில் அமைக்கப்பட்டது. அப்படியிருக்க ஒரு வள்ளம் எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று பிறகு பலரும் கேட்டார்கள்.

தொடுவானம் இதற்குத் தடையல்ல. 50 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு, நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் கணக்குப்படி ஏறத்தாழ 18 கடல் மைல் வரை தெரிய வேண்டும். எதிரொலிதான் தடை. பைபர் ரேடார் அலையைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். சிறு வள்ளத்தில் அலையைத் திருப்பி அனுப்பும் பெரிய உலோகம் எஞ்சின்தான். இதில் அதுவும் இல்லை. நீருக்கு மேல் தெரியும் பக்கச்சுவர் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். அலைமுகடுகள் தரும் இரைச்சலில் அது கரைந்துபோகும். வெப்பப்படக் கேமராவிலும் ஒன்றும் தெரியாது. சூடான எஞ்சினும் இல்லை, ஆளும் இல்லை.

தானியங்கி அடையாளக் கருவி 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத்தான் கட்டாயம். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் சிறிய விசைப்படகுகளுக்கு, இருப்பிடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தேசிய அளவில் தொடங்கப்பட்டது. அதுவும் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்த ஒரு வள்ளத்துக்கு உதவாது. இந்த வகைப் பொருளைக் கடலில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே கருவி இன்னொரு மீனவரின் கண்தான். அந்தக் கண் பார்த்ததை மேசை சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அதன்மேல் அடுக்கிய எல்லாம் காத்துக் கிடக்கும்.

மறுநாள் காலை: துறைமுகத்தின் வாசலில்

இடைமறிப்புப் படகு குறித்த இடத்தை அடைந்தபோது இரவு 11.45. வள்ளத்தைப் பார்த்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஜனவரியில் இந்தக் கரையில் நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கிப் போகும். மணிக்கு அரை கடல் மைல் என்று வைத்தாலும் வள்ளம் மூன்று மைல் நகர்ந்திருக்க வேண்டும். முதல் தேடல் குறித்த புள்ளியைச் சுற்றி இரண்டு மைல் வட்டத்தில் நடந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாதபோது வட்டம் போடுவதுதான் முறை. இரண்டாவது பாயிண்ட் இருந்திருந்தால் அந்த வட்டம் வடமேற்கே சாய்ந்த நீள்சதுரமாகியிருக்கும்.

அதிகாலை 4.30-க்குத்தான் துறைமுகக் கட்டுப்பாட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. 2025 மே 2-இல் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம், எல்லையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கடல் மைல் வடமேற்கே இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களில் சில இங்கே வருகின்றன. நீளம் 400 மீட்டரை ஒட்டியவை. கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறும் இடத்தருகே விளக்கில்லாத ஒரு வள்ளம் மிதப்பது கப்பலுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதனுள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை பாதுகாப்பு அலுவலர் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே வரவிருந்த ஒரு கப்பல் நாற்பது நிமிடம் வெளியிலேயே நிறுத்தப்பட்டது.

காலை 7.50-க்கு வள்ளம் கிடைத்தது. முதலில் பார்த்த இடத்திலிருந்து ஏழு கடல் மைல் வடமேற்கே, துறைமுகத்தை நெருங்கும் வழியில். பதினான்கு மணி நேரத்துக்கு ஏழு மைல் என்றால் மணிக்குச் சரியாக அரை மைல்.

உள்ளே இருந்தவை

தார்ப்பாய்க்கு அடியில் 35 லிட்டர் கேன் இரண்டு, ஒன்றில் பாதி மண்ணெண்ணெய். காலி ஐஸ்பெட்டி ஒன்று. அவ்வளவுதான்.

பேசியது கயிறு. வள்ளத்தின் முன்முனையான முன்னணியத்து வளையத்தில் ஒன்றரை மீட்டர் நைலான் கயிறு மிச்சம் இருந்தது. கத்தியால் அறுத்த கயிற்றில் எல்லாப் புரியும் ஒரே மட்டத்தில் நிற்கும். இதில் ஒரு புரி கை நீளத்துக்கு வெளியே தொங்கியது. மற்றவை வெவ்வேறு இடங்களில் அற்றிருந்தன. இழைகளுக்கிடையே மணலும் கல்தூளும் இருந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவின் கல்லில் பல மணி நேரம் உரசித் தேய்ந்த கயிறு அது. யாரும் வெட்டிவிட்டதல்ல.

அடுத்தது நம்பர். புதுப் பெயின்ட்டின்மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் பழைய எழுத்துகளின் விளிம்பு மேடாகத் தெரிந்தது. மணல்தாளால் மெல்லத் தேய்த்தபோது ஐஎன்டி-கேஎல் என்று தொடங்கும் கேரளப் பதிவெண் வெளியே வந்தது. கடைசி இரண்டு இலக்கம் தெளிவில்லை. மீன்பிடிக் கலங்களுக்கான தேசியப் பதிவுத் தளத்தில் மீதி எண்களைக் கொண்டு தேடி, நீளமும் பொருத்திப் பார்த்து, பழைய உரிமையாளரைக் கண்டார்கள். அவர் வள்ளத்தை நவம்பரில் எல்லைக்கு இப்புறம் விற்றிருந்தார். மதியம் ஒரு மணிக்குள் வாங்கியவரும் தெரிந்துவிட்டார்.

வேறு மாநில வள்ளத்தை வாங்கினால், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்ற பிறகே இங்கே புதுப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். சான்று இன்னும் வரவில்லை. அதற்குள், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் வள்ள நிறத்தைத் தமிழ்நாட்டு நிறத்துக்கு மாற்றும் பெயின்ட் வேலை முடிந்து, பழைய நம்பர் மறைந்திருந்தது. திருவிழா என்பதால் ஊரில் மூன்று நாள் தொழில் கிடையாது. அவர் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார். வள்ளம் காணாமல் போனதை முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கே கவனித்துவிட்டார். நண்பர்களோடு கரை நெடுக நடந்து, பக்கத்து ஊர்களில் விசாரித்தார். நிலையத்துக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லவில்லை. நம்பர் இல்லாத வள்ளத்தைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது, அபராதம்தானே வரும் என்று நினைத்தார். மூன்று மணிக்கு அந்தத் தகவல் பதிவாகியிருந்தால், ஏழு மணிக்கு முன் இந்த நிகழ்வு முடிந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

பார்த்த இருவரையும் நிலையத்துக்கு அழைக்கவில்லை. ஊரிலேயே, அவர்கள் தொழில் முடிந்து வந்த பிறகு, அரை மணி நேரத்தில் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகப் பயனுள்ள முடிவு இதுதான் என்று சொல்லலாம். அவர்களை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த ஊரிலிருந்து ஒரு அழைப்பும் வந்திருக்காது. உரிமையாளர்மேல் குற்றவழக்கு போடவில்லை. பதிவில்லாமல் கடலில் வைத்திருந்ததற்கான நடவடிக்கை மீன்வளத் துறைக்கு விடப்பட்டது. சான்று வரும்வரை பழைய நம்பரையே எழுதி வைக்க உத்தரவானது. நம்பரை மறைக்கும் பெயின்ட் வேலையைச் சான்று கைக்கு வந்த பிறகே செய்ய வேண்டும் என்று பெயின்டர்களிடமும் சொல்லப்பட்டது.

இடத்தைச் சொல்லும் முறை மாற்றப்பட்டது. ஆலயத்திலும் ஏலக்கூடத்திலும் ஒட்டிய அட்டையில் எண்களைப் புள்ளி வைத்து எழுதக் கூடாது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. “எட்டு டிகிரி, பன்னிரண்டு புள்ளி ஐந்து பூஜ்யம் மினிட், வடக்கு” என்று சொல்லாலேயே சொல்ல வேண்டும். வாங்குபவர் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும். முடிந்தால் திரையின் படம் அனுப்ப வேண்டும். தூரத்தைச் சொன்னால் கடல் மைலா கிலோமீட்டரா என்பதும், பார்த்த நேரமும் கட்டாயம். கூடவே எந்தப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) நேரே, எத்தனை பாகம் (ஆழ அளவு) தண்ணீர் என்பதையும் சொல்லலாம். பழைய தலைமுறை கணியம் பார்த்து, அதாவது கரையின் அடையாளங்களை வைத்துக் கணித்து, சொல்லும் இடம், எண் தவறினால் அதைப் பிடித்துக்கொடுக்கும். பாதுகாப்பாக இருந்தால் அரை மணி கழித்து இரண்டாவது பாயிண்ட் எடுக்க வேண்டும். தொடவும் கூடாது, ஏறவும் கூடாது.

நிலையங்களுக்கிடையே செய்த மாற்றம் இதைவிடச் சிறியது. எல்லையிலிருந்து பக்கவாட்டில் ஐந்து கடல் மைலுக்குள் எது தென்பட்டாலும், அது யாருடைய பக்கம் என்று முடிவு செய்வதற்கு முன்பே கடலோரக் காவல்படையின் 1554-க்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் துறைமுகக் கட்டுப்பாட்டையும் அதே நேரத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

பின்னர் நடந்தது

மாற்ற முடியாததும் ஒன்று உண்டு. 1093 இன்னும் டவரைப் பார்த்தே போகிறது. அடுத்து நடந்த சாகர் கவாச் ஒத்திகையில், கடலில் நிறுத்திய ஆளில்லா வள்ளம் ஒன்றைப் பற்றி அதே ஊரிலிருந்து அழைத்தார்கள். அழைப்பு மறுபடியும் கேரள அறைக்கே போனது. எடுத்தவர் எந்த மாநிலம் என்று கேட்கவில்லை. இடத்தைத் திருப்பி வாசித்தார். ஒரு எண்ணைத் தவறாக வாசித்து, அழைத்தவர் திருத்த, மறுபடி வாசித்தார். ஒன்பதாவது நிமிடத்தில் கடலோரக் காவல்படையின் மேசையில் சரியான புள்ளி இருந்தது.